பெல்லாவின் கடாவும் ஈவன் கெர்மீனும்

தலைமை தாங்கும் போதகர் அவர்களே, மொழிக் கழகத் தலைவர் அவர்களே, கெர்மீன் இருந்தவரை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் இன்று முன்வரிசையில் கறுப்புக் கோட்டோடு அமர்ந்திருக்கும் அவருடைய உறவினர்களே, தேநீரும் ரொட்டியும் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, உங்கள் அனைவருக்கும் பெல்லா மில்கிரீஸ்டின் வணக்கம்.

நம் தீவின் பழைய மொழியான மாங்க்ஸைத் தாய்மடியில் கற்றுப் பேசியவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஓரிருவருள் ஒருவர், நம் தீவின் தவப்புதல்வர், ஈவன் கெர்மீன் மறைந்தார். தலைவர் அவர்கள் சற்று முன் அவரை மொழிக் காவலர் என்றார். பொறுமையின் சிகரம் என்றார். சாந்த சொரூபி என்றார். தலைவர் அவர்களே, நீங்கள் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தீர்களா? நான் இருந்தேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்கள் இருவருக்கும் ஒரே மதில்.

அந்த மொழி எனக்கும் வரும். சிறுமியாக கெர்மீனின் அம்மா வீட்டில் வேலைக்குப் போனபோது கற்றது. தாய்மடியில் கற்றதில்லை என்பதால் மொழி ஆராயும் பேராசிரியர்கள் கணக்கில் நான் சேர்த்தியில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. சரி, கொஞ்சம் வருத்தம்தான்.

என்னிடம் நம் தீவுச் செம்மறி இனத்து நாலு கொம்புக் கடா ஒன்று இருந்தது. ஒரு நாள் மதிலைத் தாண்டிப் போய் கெர்மீனின் முட்டைக்கோஸ் பாத்தியை அடியோடு மேய்ந்துவிட்டது. அந்த வாரம் பார்த்துத்தானா கடல் தாண்டிப் பேராசிரியர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்க வேண்டும்? முன்னோர் கதை ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கெர்மீன் சொன்னார். ஒலிநாடாச் சுருள் சுருளாகச் சொன்னார். எல்லாம் என் கடாவைப் பற்றி. நாலு கொம்பு, கண்ட பச்சையை எல்லாம் விழுங்கும், எந்த மதிலுக்கும் அடங்காது, அதற்குக் காவல் ஒரு வாயாடிக் கிழவி. வந்தவர்கள் ஏதோ பழங்காலத்து அரக்கன் கதை என்று பூரித்துப்போனார்கள்.

நான் நேரே போய், "ஐயா, அந்த அரக்கன் என் கொட்டகையில புல்லு தின்னுக்கிட்டு நிக்குது, வந்து பாருங்க" என்றேன்.

கெர்மீன் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டே, "அவளுக்கு நம்ம பாஷை அரைகுறை. நீங்க கண்டுக்காதீங்க" என்றார். இவர்தான் உங்கள் சாந்த சொரூபி.

அந்தச் சுருள்களை வைத்துத்தான் மொழிக் கழகத்தின் மாலை வகுப்பில் இப்போது பாடம் நடக்கிறது. அர்த்தம் தெரியாத புது மாணவர்கள் மீன் கடையில் என்னைக் கண்டதும், "பெல்லாவுக்கும் வெக்கமில்ல, அவ கடாவுக்கும் வெக்கமில்ல" என்று சுத்தமான உச்சரிப்பில் சொல்லித் தலை வணங்குகிறார்கள்.

பிறகு கடா செத்தது. கெர்மீன்தான் மண்வெட்டியோடு வந்தார். சேர்ந்து புதைத்தோம். மண்ணைத் தட்டி மூடிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். அன்று முழுவதும் வீடு வெறிச்சென்று கிடந்தது. மறுநாள் காலை மதிலுக்கு அப்பாலிருந்து குரல்.

"ஏ பெல்லா, உன் கடா மறுபடியும் என் முட்டைக்கோஸ்ல வாய் வச்சிருச்சு."

"நேத்து நீதானய்யா அதைப் பொதச்ச."

"பொதச்சா மட்டும் திருந்திருமா? வளத்தவ அப்படி."

செத்த கடாவை வைத்துக்கொண்டு அவர் கண்மூடும்வரை மாங்க்ஸிலேயே சண்டை போட்டோம். அவர் பிள்ளைகளுக்கு அந்த மொழி தெரியாது. என் பிள்ளைகளுக்கும் தெரியாது. சண்டை நின்றால் பேச்சு நின்றுவிடும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மதிலுக்கு அப்பால் சத்தமே இல்லை. எனக்கு அழுகை வருகிறது, மறைக்கவில்லை. கடைசியாக அவர் திட்டியதற்கு நல்ல பதில் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அதை யாரிடம் சொல்வேன்? பூனையிடமா?

அவர் வீட்டை உறவினர்கள் அதற்குள் வாடகைக்கு விட்டுவிட்டார்கள். குடிவந்திருப்பவர் மாலை வகுப்பு ஆசிரியை மிஸ் காஸ்டெய்ன். சுருள்கள் முழுக்கப் புரிந்தவர், அதனாலேயே என்னைக் கண்டால் கூச்சப்படுகிறார். நேற்று மதிலோரம் வந்து, மாங்க்ஸில், "வணக்கம்மா, இன்னிக்கு மழை இல்லைங்க" என்றார். ஆமாம் என்றேன். பேச்சு முடிந்துவிட்டது. இப்படி மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தால் ஒரு மொழி எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே, அன்பர்களே, கெர்மீனின் படத்துக்கு முன்னால் நின்று உறுதி கூறுகிறேன். அவர் விட்டுச்சென்ற பணியை நான் கைவிட மாட்டேன். வெள்ளிக்கிழமை ராம்சே சந்தைக்குப் போகிறேன். நாலு கொம்போடு, மதில் தாண்டத் தெரிந்த கடாவாகப் பார்த்து ஓட்டி வருவேன்.

மிஸ் காஸ்டெய்ன், நீங்கள் முட்டைக்கோஸ் நடுங்கள்.