சீல் இல்லாத மனு

சிங்காநல்லூரில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன்சீட்டு அம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்: "சங்கத்து ரப்பர் சீலை ஊட்டுல பூட்டி வெச்சுப்போட்டுத்தான் மனுக் குடுக்கப் போனோம் கண்ணு."

"ஏனுங்கக்கா, சீல் இல்லாமயா?"

"விவசாயிங்க, மீன் புடிக்கறவங்க, மில்லுப் பொம்பளைங்க மூணு சங்கமும் முன்னெல்லாம் தனித்தனியாச் சீல் குத்திக் குடுத்தோம். ஆபீசுல, மத்த சங்கம் வேற சொல்லுது, பேசிட்டு வாங்கன்னே திருப்பி உட்டாங்க. இந்த வாட்டி, எங்க குளத்துல சாக்கடை உடாதீங்கன்னு ஒரே மனு. அதுலயும் யாரு சீல் மேல வரோணும்னு சண்டை. கடைசில ஒருத்தரும் குத்தலை."

"ஆபீசர் கேக்கலீங்களா?"

"கேட்டாரு. சீல் ஊட்டுல இருக்குதுங்க, ஆளுங்க வெளிய நிக்கறாங்கன்னேன். ஜன்னல்ல எட்டிப் பாத்தாரு. ரோடு வரைக்கும் எங்க சனம்."

"அப்புறமுங்க?"

"இன்னைக்குக் காலைல சாக்கடைக் குழாயை அடைச்சுப்போட்டாங்க!"

"இனி சீலை வெளிய எடுப்பீங்களாக்கா?"

"எதுக்குக் கண்ணு? மை காஞ்சு போகட்டும்."