கோழி தொட்டவர்கள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே தாரிக் டீ குடிக்காமல் எனக்குக் கணக்கு ஓடாது. வேறு கெட்ட பழக்கம் கிடையாது, யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

பறவைக் காய்ச்சல் மனிதரிடம் எப்படிப் பரவும் என்று கணினியில் கணிப்பது என் வேலை. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு ஒட்டவைப்பார்? ஒன்றுக்குக் கீழே இருந்தால் நோய் தானே அடங்கும். அடங்கிவிடும் என்று அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். கை தட்டினார்கள். மறுநாள் குமுதா என்ற நோயாளியின் விசாரணைத் தாள் வந்தது.

அவள் கணவர் ரெங்கசாமிக்குக் கிள்ளான் பாசார் சந்தையில் கோழிக்கடை. அவர் காய்ச்சலில் படுத்த ஒன்பதாம் நாள் இவளும் படுத்தாள். கோழியைத் தொட்டாளா என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மருத்துவமனையில் இருந்தவளைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

“இல்ல சார். தீமிதிக்கு விரதம்லா. ஒரு மாசமா கடைப் பக்கமே போகல. அவரும் கடையிலேயே குளிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. படுத்ததும் கஞ்சி ஊட்டுனேன், வாந்தி அள்ளுனேன். அவ்ளோதான்.”

அப்படியென்றால் மனிதரிடமிருந்து மனிதருக்கு. என் எண் ஒன்றைத் தாண்டலாம். அவளை மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும். சொன்ன வாயாலேயே நான் மாற்றிச் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது. கோழிக்கடைக்காரர் மனைவி கோழி தொடாமலா இருப்பாள் என்றார் மேலதிகாரி. விரதம் என்றால் என்னவென்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தொட்டிருப்பாள் என்றேன். கட்டத்தை நிரப்பினேன்.

கோழியால் வந்தது என்றால் காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினார்கள். அவளே கூப்பிட்டாள்.

“இருமல் மட்டும் இருக்கு சார். அவரு பொழச்சு வந்துட்டாரு, வேண்டுதல முடிக்கணும். ஞாயித்துக்கெழம தீ மிதிக்கப் போலாமா?”

“போயிட்டு வாங்கம்மா.”

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று கோயிலில் நெரிசல் தாங்கவில்லையாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்கிறீர்கள். நான் மறைத்தது ஒரே ஓர் ‘இல்லை’. தெரிந்துதான் மறைத்தேன். குமுதா செத்தாள். அவளோடு கோயில் கூட்டத்தில் நின்றவர்களில் நாற்பது பேர் செத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வரும் என்று காத்திருந்தேன்.

ஆனால் என் கணிப்பில் பிழை இல்லை. சாவு விழுந்த வீடுகளுக்கெல்லாம் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். ஒரு வீடு விடாமல், எப்போதோ ஒருநாள் கோழி வாங்கியிருக்கிறார்கள்.