மூடிய கெட்டில்

உங்கள் ஸ்டேஷன் டீக்குத் தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை, ஐயா. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். டோல்பா மலைகளில் பதினெட்டு வருடம் மலையேறிகளுக்குச் சமைத்தவன் நான். ஒரு வாய் போதும், தெரிந்துவிடும்.

ருஜன் கலேயைப் பற்றிக் கேட்டீர்கள். எங்களுடைய புது வழிகாட்டி, சிரித்த முகம். ஓடைத் தண்ணீரை அப்படியே வடிகட்டிக் குடிக்கும் குழாய் ஃபில்டர்கள் ஆறைக் கொண்டுவந்தான். காய்ச்ச வேண்டாம், கெரசின் சுமக்க வேண்டாம் என்றான். "அண்ணே, உங்க கெட்டிலை இனிமே பூந்தொட்டியாக்கிடலாம்," என்றான் எல்லார் முன்னாலும். நானும் சிரித்தேன்.

முதலாளி நியாயமானவர். இந்த ஒரு பயணம் பாதிப் பேர் காய்ச்சின தண்ணீர், பாதிப் பேர் ஃபில்டர் தண்ணீர் குடிக்கட்டும், பிறகு முடிவு செய்வோம் என்றார். ஃபில்டர் ஜெயித்தால் அடுப்பு வேண்டாம், சாப்பாட்டை வழியில் இருக்கும் விடுதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அந்த ஃபில்டருக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே தங்கிய ஈரம் ஒருமுறை உறைந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுவிடும். பிறகும் தண்ணீர் வரும், தெளிவாகவே வரும். ஆனால் எதையும் தடுக்காது. அதனால் குழந்தையைப் போலப் படுக்கையில் அணைத்துக்கொண்டு தூங்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ருஜன்தான். "சமையல் கூடாரம்தான் கதகதப்பா இருக்கு. உங்க போர்வைக்குள்ள வச்சுக்கங்க அண்ணே," என்று ஆறையும் என்னிடமே கொடுத்தான்.

நான் அவற்றை வெளியே கூடாரக் கயிற்றில் தொங்கவிட்டேன். விடிந்ததும் அடுப்போரம் வைத்து இளக்கி, துடைத்துக் கொடுத்தேன். அன்று முகாம் யாக் மாடுகள் மேயும் சரிவுக்குக் கீழே, அவற்றின் சாணம் கரைந்து வரும் ஓடைக்கரையில்.

வயிற்றுப்போக்கு வரும், நாலு நாள் என் கெட்டிலைத் தேடுவார்கள், அவ்வளவுதான் நினைத்தேன். அப்படியே நடந்தது. படுத்த மலையேறிகள் மூவருக்கும் காய்ச்சின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தேன். தேறினார்கள். சுமைகாரர்கள் அவர்களைக் கீழே கூட்டிப் போனார்கள். ருஜனால் எழுந்திருக்க முடியவில்லை. ஆள் திரும்பி வரும்வரை அவனோடு நான் மட்டும் இருந்தேன், இரண்டு நாள்.

அவன் தண்ணீர் கேட்டான். கெட்டிலை அவன் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டேன்: "எந்தத் தண்ணி நல்லதுன்னு நீயே சொல்லு தம்பி. சொன்னா தர்றேன்."

ஒரு வார்த்தை. அதற்குமேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

அவன் தலையை என் பக்கம் திருப்பினான். உதடு வெடித்திருந்தது. "அண்ணே," என்றான், "ராத்திரி ஃபில்டரையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

நான் கெட்டிலை மூடினேன்.

மறுநாள் மாலை அவன் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டான். அந்தத் தண்ணீரை வீணாக்க மனமில்லை. மறுபடி காய்ச்சி நானே குடித்தேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். இந்தப் பதினெட்டு வருடத்தில் என் தண்ணீரைக் குடித்து ஒருவர்கூடச் செத்ததில்லை.