மேபலைத் தூக்கிப் போனதும் ஓட்டிஸ் இறந்ததும்

என் பெயர் கோரா லின்ட்விக். வயது அறுபத்தொன்று. மொன்டானா மாநிலம், காய்ந்த ஓடைச் சாலையிலுள்ள எங்கள் பண்ணையில் கணவர் வெர்னுடன் வசித்து, செம்மறி ஆடு வளர்த்து வருகிறேன். கோடையில் ஆடுகளை மலை மேய்ச்சலில் விடுவோம். ஓநாய்களிடமிருந்து காக்க மேபல் என்ற வெள்ளை நாயும், அது ஈன்ற ஓட்டிஸும் மந்தையோடேயே இருக்கும். இரண்டும் ஆடுகளுக்கு நடுவில் வளர்ந்தவை. ஓநாய் வாடை வந்தால் மேபல் முன்னால் போய் மறிக்கும், ஓட்டிஸ் ஆடுகளை விட்டு நகராது.

சென்ற செவ்வாய் மாலை நான் தீனி கொண்டுபோனபோது மேபலைக் காணவில்லை. ஓட்டிஸ் தீனியில் வாய் வைக்காமல் பாதையைப் பார்த்து நின்றது. பாதையில் புதிதாகக் கார்த் தடம் இருந்தது. அதன் பிறகு நானும் வெர்னும் இருட்டும் வரை கூப்பிட்டுத் தேடினோம்.

மறுநாள் விடிந்ததும் போனபோது ஆடுகள் பாறைச் சரிவில் ஒண்டிக்கொண்டு நின்றன. சில கிழிபட்டுக் கிடந்தன. ஓட்டிஸ் அவற்றுக்குக் கீழே, ஓநாய்கள் ஏறி வந்த வழியில் கிடந்தது. உயிர் இருந்தது. என் குரல் கேட்டு எழுந்திருக்கப் பார்த்தது. வெர்ன் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றித் தூக்கிக்கொண்டார். வண்டியை அடைவதற்குள் அது இறந்துவிட்டது. வண்டியிடம் வந்த பிறகும் அவர் அதை இறக்கி வைக்கவில்லை.

அதன் பிறகு நகரத்துக் கால்நடை மருத்துவர், மேபலை யாரோ கொண்டுவந்திருப்பதாகவும் தனக்கு அடையாளம் தெரிந்ததாகவும் போன் செய்தார். நாங்கள் போனோம். மலையில் கூடாரம் போட்டுத் தங்க வந்த டெஸ்ஸா என்ற பெண் மேபலை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். “நொண்டிக்கிட்டு ஒல்லியா நின்னுச்சும்மா. பக்கத்துல ஒரு ஆளையும் காணோம். யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். கார்ல ஏறவே மாட்டேன்னுச்சு, நாந்தான் தூக்கிப் போட்டேன்” என்றாள்.

“அது வேலையில இருந்துச்சும்மா” என்றார் வெர்ன். நான் ஓட்டிஸைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

மேபலை மலைக்கே கொண்டுவந்தோம். ஓட்டிஸை அப்போது இன்னும் புதைக்காமல் அங்கேயே கிடத்தியிருந்தோம். மேபல் மோந்து பார்த்து, அதன் முகத்திலும் காதிலும் காய்ந்திருந்த ரத்தத்தை முழுவதும் நக்கித் துடைத்தது. பக்கத்திலேயே படுத்தது. அதன் பிறகு சரிவில் ஒரு ஆடு கத்தவும் எழுந்து, நொண்டிக்கொண்டே ஆடுகளிடம் போய்விட்டது.

திருட்டு வழக்கு வேண்டுமா என்று இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட போலீஸ் அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பெண் அவரிடம் கொடுத்த தகவலில் மேபலை ‘அநாதை நாய்’ என்று எழுதியிருப்பதை அடித்துவிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் சொன்னதும் இதுவே, இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) கோரா லின்ட்விக்