கார்ட் கொதிக்குது

– திரும்பவும் நிண்டுட்டு சுபைறா! பாத்துக்கிட்டு இருக்கக்குள்ளயே திரை கறுத்துப் போச்சு.

– நிக்கட்டும் மச்சான். அல்லாஹ்வே நிப்பாட்டுறான் எண்டு நெனச்சிக்கிட்டு கதிரையால இறங்குங்க. நமக்கு வேணாத வேல இது.

– கத்தாத புள்ள. ரோட்டுக்குக் கேக்கும்.

– நான் கத்தல்ல. அலுமாரிக்கு மேல இருக்கிற உங்கிட கொம்பியூட்டர் பெட்டிதான் கத்துது, ஹெலிகொப்டர் போல.

– அது வீஜீஏ கார்ட்ல இருக்கிற சின்னக் காத்தாடி. படத்தத் திரைக்குக் கொண்டாறது அந்தக் கார்ட்தான். கைய வெச்சுப் பாரு, அப்பச்சட்டி போல கொதிக்கிது. சூடு மிஞ்சினா பெட்டி தன்னால நிண்டுரும்.

– கொதிக்காம? உச்சி வெயில். கதவு, ஜன்னல் எல்லாம் பூட்டு. தலைக்கு மேல தகரம். நானுந்தான் கொதிக்கன். எனக்கு நிக்கத்தான் வழியில்ல.

– நீ நிண்டா நான் சோத்துக்கு எங்க போறது?

– பகிடி விடுற நேரமா இது? நேத்து கடைக்கு வந்த அந்த ரெண்டு பேரும் என்னதான் சென்னாங்க? நீங்க எனக்கு முழுசாச் சொல்லல்ல.

– "மர்சூக், சுஜிந்தன் லைட் புடிச்ச கலியாணக் கேசட் எல்லாத்தையும் எடு" எண்டாங்க. ஒருத்தன் கதைக்கான், மத்தவன் சேர்ட்டத் தூக்கி இடுப்பில துவக்கக் காட்டுறான். எடுத்துக் குடுத்திட்டன். தட்டு வெறுந்தட்டாப் போச்சு.

– குடுத்தாச்சில்ல? அதோட முடிஞ்சிது.

– மருதமுனைக் கலியாணம் கடையில இல்ல புள்ள. அது இந்தப் பெட்டிக்குள்ள மட்டுந்தான் இருக்கு. அவங்களுக்கு அது தெரியா.

– தெரிஞ்சா?

– அந்த வயரக் கொஞ்சம் தள்ளு.

– கதைய மாத்தாதீங்க. தெரிஞ்சா? வன்னியில சண்ட முடியப் போகுதாம், ரேடியோ படிச்சிப் படிச்சிச் சொல்லுது. இஞ்ச பாண்டிருப்பில சுஜிந்தன வேன்ல ஏத்திக் கொண்டு போனாங்க, ஒரு சத்தமும் இல்ல. கொண்டு போனவங்கதான் இப்ப அவன்ட அடையாளத்தயும் தொடைக்கத் திரியிறாங்க. லைட் புடிச்சவன் முடிஞ்சான், அடுத்தது கமரா புடிச்சவன்தானே?

– அதுக்குத்தான் சுறுக்கா முடிக்கப் பாக்கன். அவன்ட அம்மா இப்ப வந்திருவா.

– இஞ்சயா? நம்மட வீட்டுக்கா?

– விடியக் காலத்தால கடையடியில வந்து நிண்டா. "மனே, என்ட மகன்ட முகம் உங்கிட்ட எங்கயாவது இருக்கா" எண்டு கேட்டா. அந்தக் கண்ணப் பாத்து இல்ல எண்டு சொல்ல ஏலாமப் போச்சு. சுனாமியில கடல் வந்து போனதுல அந்த வீட்டில ஒரு போட்டோவும் மிஞ்சல்ல. ஐடென்டி கார்ட் அவன்ட பொக்கட்டோட போச்சு. அந்த மனிசி பொலிசுக்குப் போனாலும், செஞ்சிலுவைக்குப் போனாலும் எதக் காட்டுறது?

– இத்தின வருசம் உங்களோட நிண்டவன ஒரு படம் புடிக்கல்லயா நீங்க?

– லைட் புடிக்கிறவன ஆரு புடிக்கிறது? நம்மட ஊர்ப் பொண்ணு, மாப்பிள எல்லாரும் அவன்ட வெளிச்சத்திலதான் வடிவு. அவன் ஒரு கேசட்லயும் இல்ல. மருதமுனையில மட்டும், பொண்ணச் சோடிக்கக்குள்ள மேசைக் கண்ணாடிக்குள்ள ஒரு மின்னல் போல விழுந்திட்டுப் போறான். இருட்டா இருக்கு. வெளிச்சமாக்கிப் பெருப்பிச்சாத்தான் ஆள் தெரியும். அந்த வேலயத் தொடங்கினாத்தான் கார்ட் கொதிச்சிப் பெட்டி நிக்குது.

– சரி, இப்ப என்ன செய்யணும்? சொல்லித் துலைங்க.

– மொதல்ல பிரிட்ஜ நிப்பாட்டு. அது ஓடக்குள்ள கறண்ட் விழுகுது.

– உள்ளுக்கு மீன் இரிக்கி.

– மீன் எப்பயோ மவுத்து சுபைறா. அதுக்கு இனி ஒரு பயமும் இல்ல.

– நிப்பாட்டிட்டன்.

– இந்தா, பெட்டிட பக்கத் தகட்டக் கழட்டிட்டன். சீ, பாரு தூசிய! கடக்கரை மண்ணும் பஞ்சும் அடைஞ்சி கெடக்கு, காத்தாடி எப்படிச் சுத்தும்? மேசைக் காத்தாடிய எடுத்துத் தா, வெளியால அடிச்சிப் பாப்பம்.

– இன்னா புடிங்க.

– ம்... ஓடுது. பொண்ணு வந்திட்டா... கை, வளையல்... ஆ, சீ! திரும்பவும் நிண்டுட்டு. தகரத்துச் சூட்டத்தான் இந்தக் காத்தாடியும் அள்ளி அடிக்குது. பெட்டியக் கீழ இறக்கணும்.

– ஏலா.

– சுபைறா...

– ஏலா எண்டா ஏலா. கடல் வந்த நாளையில இருந்து இந்த வீட்டில பெறுமதியான ஒண்டும் நெலத்தில இருந்ததில்ல. குர்ஆன் மேல, காணி உறுதி மேல, உங்கிட பெட்டியும் மேலதான்.

– அதுதான் நாம உட்ட பிழ. கடலுக்குப் பயந்து தகரத்துக்குக் குடுத்திட்டம்.

– கடல் திரும்பி வந்தா?

– வந்தா பெட்டிய ஒரு தோள்லயும் உன்ன மறுதோள்லயும் தூக்குறன். இப்ப வரப்போறது கடல் இல்ல புள்ள.

– ...சரி, இறக்குங்க. அடிப்பக்கத்த நான் புடிக்கன். மெல்ல, வயர் இழுபடுது! சீமெந்தில வைங்க.

– நெலம் சில்லெண்டு கெடக்கு. இதுக்கா இவ்வளவு நேரமும் கண்டபடி அலைஞ்சன்? இந்தா, போடுறன்.

– மச்சான், மோட்டச்சைக்கிள் சத்தம்.

– எங்க?

– ரோட்டு முடக்கில. மெதுவா வருது.

– காத்தாடிய நிப்பாட்டு!

– நிப்பாட்டினா கார்ட்?

– எரிஞ்சா எரியட்டும், நிப்பாட்டு! மூச்சும் விடாத.

– நிப்பாட்டியாச்சு.

– போயிட்டானா?

– இல்ல. நம்மட கேற்றடியில நிண்டுட்டான். யா அல்லாஹ்...

– கலிமாவச் சொல்லு புள்ள.

– ...பாண் விக்கிறவன்! பணிஸ், பணிஸ் எண்டு கத்துறான்.

– அவனுக்கு என்ட கையால ஒரு அறை கெடக்கு.

– சிரிக்காதீங்க. அவன் இன்னும் முடக்குத் தாண்டல்ல.

– பொறு, எரிஞ்ச மணம் வருதா?

– ஓம், பிளாஸ்ரிக் மணம்.

– காத்தாடியப் போடு, சுறுக்கா! இந்தக் கார்ட் போனா முகமும் போச்சு. அறைக்குள்ள இருக்கிறது எல்லாம் சுடு காத்து. கடல் பக்க ஜன்னலத் தொறந்தாத்தான் சரிவரும். ரோட்டால போறவன் எல்லாம் பாப்பான். உனக்குப் பயமெண்டா...

– தள்ளுங்க. நான் தொறக்கன்.

– நீயா?

– பெத்தவ ஒருத்தி புள்ளட முகம் பாக்க வெயில்ல வாறா. நான் ஒரு ஜன்னலுக்குப் பயந்து நிக்கவா? இன்னா, தொறந்திட்டன். காத்து வருதா?

– வருது சுபைறா, நல்லா வருது. படம் முழுக்க ஓட்டாம அந்த ஒரு இடத்த மட்டும் நிப்பாட்டி எடுக்கன், கார்ட்டுக்குப் பாரம் குறையும். பொண்ணு... மேசை... கண்ணாடி. இப்ப வெளிச்சமாக்கிறன்.

– மூக்குத் தெரியிது. ரப்பே, சுஜிந்தன்! சிரிக்கான் மச்சான்!

– நான் வயர்ல தடக்கி உழப் போன நேரம் அது. என்னப் பாத்துச் சிரிக்கான், கள்ளன்.

– புள்ளே! ஆரும் இருக்கீங்களா? செல்லத்தங்கம் வந்திருக்கன்.

– வாங்க அம்மா, பின் கதவால சுறுக்கா வாங்க. ஆரும் உங்களுக்குப் பின்னால வந்தாங்களா?

– இல்ல புள்ள. வளவு வேலிக்குள்ளால பூந்து பூந்து வந்தன்.

– இப்பிடி நெலத்தில குந்துங்க. மச்சான், திரைய அம்மாட பக்கம் திருப்புங்க.

– ...ஓம். என்ட மகன்தான். தாயே, எப்பிடிச் சிரிக்கான்.

– அழாதீங்க அம்மா.

– மர்சூக் தம்பி, இது மட்டுந்தானா? வேற எங்கயும் இவன்ட முகம் இல்லயே?

– இல்ல அம்மா. உலகத்திலயே இது ஒண்டுதான். இப்ப சீடியில போட்டுத் தாறன். எங்க வேணுமெண்டாலும் கொண்டு போய்க் காட்டுங்க.

– இன்னும் சீடியில போடல்லயே?

– இல்ல, இனித்தான்.

– அப்ப இத அழிங்க மனே.

– என்ன கதைக்கிறீங்க அம்மா? வேன்ல கொண்டு போன புள்ளயத் தேடுறதுக்குத்தானே நாங்க இவ்வளவு பாடும்...

– வேனும் இல்ல, ஒண்டும் இல்ல, ஊருக்காக நான் அழுத அழுகை அது. என்ட மகன் என்ட வீட்டுக்குள்ளதான் இருக்கான்; கேசட் அள்ளித் தேடித் திரியிறவங்களுக்கு அவன்ட பேர்தான் தெரியும், முகம் இன்னும் தெரியா.