மலிகாவின் மெயின் ஸ்விட்சும் ஒரு குட்டி லினக்ஸும்

விழாத் தலைவர் ஜானட் அம்மையார் அவர்களே, படிப்பகத்தைக் கட்டிக்காக்கும் பெரியவர்களே, எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் வரிசையைக் கடந்து வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெஞ்சு போதாமல் நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இந்த எட்டுக் கணினிகளும் சென்ற மாதம் என்னவாக இருந்தன? பஷீர் பாயின் காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய இரும்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டு, இல்லையேல் மீன்பாடி வண்டியில் ஏற்றிவிடுவோம் என்றது படிப்பகத்தை நடத்தும் நம் சங்கம். புதிய மென்பொருள் எதையும் தாங்காத கிழட்டு இயந்திரங்கள். ஆனால் லினக்ஸில் ஒரு சின்னஞ்சிறு வகை உண்டு. பென்டிரைவிலிருந்து எழும், நினைவகத்திலேயே குடியிருக்கும், கேட்டதை மட்டும் சேர்த்துக்கொள்ளும். தமிழ் எழுத்துருவைச் சேர்த்தேன், தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தேன், தட்டச்சுப் பயிற்சியைச் சேர்த்தேன்.

முதலில் வந்து அமர்ந்தவர் மலிகா. இறால் கம்பெனியில் தோலுரிக்கும் மலிகா. தட்டச்சு வேலைக்குத் தேர்வெழுதத் துணிந்த மலிகா. படிப்பகத்தைப் பூட்டும் பொறுப்பும் அவருடையதே. மாலையெல்லாம் அடித்தார். மறுநாள் ஓர் எழுத்தும் இல்லை. மூன்று நாளும் இதே கதை.

"இன்னாக்கா இது, அட்ச்சதெல்லாம் முழுங்கிகினு கீது?"

"போறப்ப எப்படி நிறுத்துறே?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டு வூட்டுக்குப் போவேன். வேற எப்டி?"

சிரிக்காதீர்கள் சாபிரா, நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள். முறையாக நிறுத்தினால்தான் இந்த லினக்ஸ் அடித்ததைப் பென்டிரைவில் எழுதிவைக்கும். படித்த கர்வத்தில் மலிகாவை அதட்டினேன்.

"உப்புக்காத்துல போன மழைக்கு சுவிட்ச் போர்டு பத்திகிச்சே, அதுக்குதான் மெயினை ஆஃப் பண்றேன். அன்னிக்கு நீயா வந்து அணைச்சக்கா?" என்றார்.

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. மாற வேண்டியவர் மலிகாவா? எப்படியும் மாற்றிக்கொள் என்று தன்னையே திறந்து கொடுக்கும் லினக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, நியாயம் பேசும் ஒரு பெண்ணையா மாற்றப் போனேன்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே சேமித்துக்கொள்ள நான்கு வரி எழுதிச் சேர்த்தேன்.

சனிக்கிழமை மலிகா வழக்கம்போல் மெயினை அணைத்தார். ஞாயிறு காலை வாசலில் பஷீர் பாயின் வண்டி வந்து நின்றது. மலிகா பொத்தானை அழுத்தினார். வந்தது திரை! வந்தன மூன்று பக்கங்கள்! கடைசி வரியை மட்டும் காணோம்.

"ஒரு வரிதானே பாய், திரும்ப அட்ச்சுக்குறேன். நீ வண்டிய திருப்பு."

"சும்மாவா போறது? கடைல இன்னும் நாலு கம்ப்யூட்டர் பொட்டி கீதும்மா. இட்டாந்து எறக்கவா?" என்றார் பஷீர் பாய்.

தாய்மார்களே, நமக்கு இணங்காத எந்திரத்தின் முன் நாம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்? திறந்து பாருங்கள், திருத்திப் பாருங்கள், தேவையானதைச் சேர்த்துப் பாருங்கள்!

கைதட்டலைச் சற்று அடக்குங்கள். நாளை மலிகாவுக்குத் தேர்வு; பக்கத்து அறையில் அடித்துக்கொண்டிருக்கிறார். கேட்கிறதா அந்தச் சத்தம்? அதற்கு இடையூறு இல்லாமல், வந்த உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, மெல்லிய குரலிலேயே வணங்கி அமர்கிறேன்.