காற்று தூக்காத பலகை

உடையார்கட்டில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். இளையவள் கிளிநொச்சியில் கார்மென்ட்ஸ் வேலைக்குச் சேரப் போகிறாள்.

"காத்து என்னை ஒருக்காலும் தூக்கேல்லை, மச்சாள்," என்றாள் அவள்.

களப்பில், பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டைப் பழகியிருக்கிறாள். சரிவந்திருந்தால், மூத்தவள் வேலைசெய்யும் இடத்திலேயே வெளிநாட்டுக்காரருக்குப் பழக்கும் வேலை கிடைத்திருக்கும்.

"எந்தப் பலகையில பழகினனீ?"

"அண்ணான்ர பலகைதான். கட்டை, ஒடுக்கம். எழும்பின உடன தண்ணிக்குள்ள தாண்டு போகும்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அது நல்லா ஓடத் தெரிஞ்ச ஆக்களுக்கடி. பழகிறவைக்கு நீளமா, அகலமா, தட்டையா வேணும். மெல்லிய காத்துக்கும் அது தூக்கும். கால் பதிஞ்ச பிறகுதான் சின்னனுக்கு மாறவேணும். அவன் சொல்லேல்லையே?"

"உன்ர காலுக்குப் பெலன் காணாது எண்டான். நானும் நம்பியிட்டன்."

"எங்கட இடத்தில பெரிய பலகை சும்மா கிடந்தது. ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"விழுந்து விழுந்து எழும்பிறதைச் சொல்ல வெக்கமா இருந்தது."

"இப்ப சோளகக் காத்தும் நிண்டிட்டுது. அடுத்த வருசம் வாவன்."

"லீவு தருவினமோ தெரியாது."

பஸ் பரந்தனைத் தாண்டியது. கிளிநொச்சியில் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், படியருகே நின்று திரும்பினாள்.

"அந்த வேலைக்கு ஆரை எடுத்தவை?"

"முல்லைத்தீவுப் பெட்டை ஒருத்தி. உன்னைவிட மெலிஞ்சவள்."

"காலுக்குப் பெலன் இருக்கே?"

மூத்தவள் பதில் சொல்வதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.